ஒருசந்தி

முந்தின நாள் வீட்டில் தான் செய்த வேலைக்கு என்ன அர்த்தம் என்பதை ஆனந்தமேரி மறுநாள் காலை குழாயடியில்தான் தெரிந்துகொள்வாள்.

"அக்கா, இன்னைக்கு சார் பேசுனதக் கேட்டு அழுதுட்டேன்" என்றாள் செசிலியா. மூன்று வீடு தள்ளி இருப்பவள். புருஷன் பூட்டுக்கடை வைத்திருந்தான். "மூத்தாரு துணியத் தொவைக்கும்போது மாதா பாட்டுப் பாடிக்கிட்டே தொவைச்சீங்களாம்ல. நாத்தம் பிடிச்ச துணியக்கூட செபமாலை மாதிரி கையில பிடிக்கிறாள்னு சார் சொன்னாரு பாருங்க, எனக்குத் தாங்கல."

ஆனந்தமேரி குடத்தை நகர்த்தி வைத்தாள். அவள் பாட்டுப் பாடவில்லை. போர் தண்ணீரில் உப்பு ஏறிப்போய் எவ்வளவு தேய்த்தாலும் சோப்பு நுரைக்கவில்லை என்று முனகிக்கொண்டிருந்தாள். அதை ஜன்னல் வழியாகக் கேட்டவருக்குப் பாட்டாகத் தெரிந்திருக்கிறது.

திண்டுக்கல்லில் சாணார்பட்டி போகும் ரோட்டை ஒட்டிய தெரு அது. முப்பது நாற்பது வேதக்காரக் குடும்பங்கள். ஸ்டீபன்ராஜ் அங்கே எல்லாருக்கும் சார். டவுனில் உதவிபெறும் பள்ளியொன்றில் தமிழ் வாத்தியார். தெருக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்துக்கு அவர்தான் பொறுப்பாளர். தினமும் விடியற்காலையில் எழுந்து, பல் துலக்கி, முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து, செல்போனை வாயருகே பிடித்துக்கொண்டு மூன்று நிமிடம் பேசுவார். 'அன்றாடத்தில் ஆண்டவர்' என்று அதற்குப் பெயர். பங்கு வாட்ஸ்அப் குரூப்புக்குப் போகும். அங்கிருந்து சார்ஜாவுக்கும் சிங்கப்பூருக்கும் போவதாகச் சொன்னார்கள். பெரிய பெரிய வேத விளக்கமெல்லாம் அவர் சொல்வதில்லை. வீட்டில் நடந்ததைச் சொல்வார். பால் பொங்கி வழிந்தது, மகன் பிராங்கிளின் ஓசூரிலிருந்து போன் செய்தது, மனைவி அண்ணனுக்குக் கஞ்சி ஊட்டியது. அதிலிருந்து ஒரு பாடம் எடுப்பார்.

பொய்யாகப் பேசுகிற மனுஷர் இல்லை. பேசும்போது தொண்டை நிஜமாகவே அடைத்துக்கொள்ளும், கண்ணீர் வரும். குடிக்க மாட்டார். கை நீட்ட மாட்டார். அந்தத் தெருவில் அவ்வளவு இருந்தாலே நல்ல புருஷன்தான். அவர் பேசி முடிக்கிறவரை வீட்டில் பாத்திரம் உருட்டக்கூடாது. உள்ளறையில் சிலுவைமுத்து பெட் பேனில் கிடந்தாலும், முன்னறையில் 'ஆமென்' கேட்ட பிறகுதான் ஆனந்தமேரி அதை எடுத்துக்கொண்டு புழக்கடைக்குப் போவாள்.

சிலுவைமுத்து ஸ்டீபன்ராஜின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பதினாலு வயதில் தோல் ஷாப்புக்குப் போனவர். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நனைந்த தோலை அள்ளித் தோளில் போட்டு ஏற்றுகிற வேலை. தம்பி வாத்தியார் பயிற்சி முடித்ததும் அந்தத் தொட்டிக் காசில்தான். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தபோது உடம்பு மெலிந்ததே தவிர எலும்பு மெலியவில்லை. அவரை ஒருக்களிக்கப் புரட்டுவதென்றால் ஆனந்தமேரி கட்டிலில் ஒரு முழங்காலை ஊன்றி, இரண்டு கையையும் அவர் முதுகுக்கு அடியில் கொடுத்து, மூச்சைப் பிடித்துத் தள்ள வேண்டும். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டாவிட்டால் புட்டத்தில் புண் வைத்துவிடும். முன்பு ஒருதரம் வைத்து, ஆற மூன்று மாதம் ஆனது.

கூட மாட உதவுகிற ஆள் ஒருத்தர்தான். தோல் ஷாப்பில் கூட வேலை பார்த்த நூர் அகமது, வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து பேகம்பூரிலிருந்து சைக்கிளில் வருவார். சிலுவைமுத்துவுக்குச் சவரம் செய்துவிடுவார். நகம் வெட்டுவார். அவரும் வயசாளி. இருந்தாலும் அன்றைக்கு ஒருநாள் ஆனந்தமேரி தனியாகத் தூக்க வேண்டியதில்லை.

தவக்காலம் பாதி போயிருந்தபோது அவளுக்கு அடிவயிற்றில் எதுவோ கழன்று தொங்குவதுபோல ஆனது. நின்றால் கனத்தது. இருமினால் சேலை நனைந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சீட்டு வாங்கிக் காட்டிவிட்டு வந்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதுதான் ஸ்டீபன்ராஜிடம் சொல்ல முடிந்தது. வெள்ளிக்கிழமை ஆகையால் கறி இல்லை. கத்திரிக்காய் வெஞ்சனமும் ரசமும்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"அடி இறங்கிருச்சாம். எடுத்துறணுமாம்."

"எதை?"

"கர்ப்பப்பையத்தான். வேற எதை."

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "எதனாலயாம்?"

"வெயிட்டுத் தூக்குறதாலங்காங்க. என்ன வேலை செய்றீங்கன்னு கேட்டாங்க. வீட்டுல சும்மாதான் இருக்கேன்னு சொன்னேன். சும்மா இருந்தா இப்பிடி ஆகாதேன்னாங்க."

"எப்ப ஆப்பரேசன்?"

"திங்கக்கிழம திங்கக்கிழம பெட் இருந்தா சேத்துக்கிருவாங்களாம். அதுக்கப்புறம் மூணு மாசத்துக்கு ஒரு குடங்கூடத் தூக்கக் கூடாதாம்."

"அப்ப அண்ணன..."

"அதத்தான் நானும் கேக்கேன்."

உள்ளறையில் சிலுவைமுத்து செருமினார்.

"ஈஸ்டர் முடியட்டுமே மேரி" என்றார் ஸ்டீபன்ராஜ். "பெரிய வாரம் பூராம் என் தலையிலதான் கிடக்கு. பாடுகளோட நாடகம், பாதங்கழுவுறதுக்கு பன்னெண்டு ஆளு சேக்கணும், எல்லாம். முடிஞ்சா பள்ளிக்கூடமும் லீவு விட்டுரும். நானே கூட இருந்து பாத்துக்கிருவேன்."

"நீங்க பாத்துக்கிருவீங்களா?"

"ஏன், எங்கண்ணன்தான."

"இம்புட்டு நாளா ஒருதரம் அவரு துணிய மாத்திருக்கீங்களா?"

அவர் முகம் சுருங்கியது. கோபம் இல்லை, நோவு. "எனக்குக் குமட்டுது மேரி. நானும் முயற்சி பண்ணிப் பாத்துட்டேன். ஆண்டவரு ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு வரம் குடுக்குறாரு. உனக்கு அந்த வரம்."

"எனக்கும் குமட்டத்தான் செய்யிது" என்றாள் ஆனந்தமேரி.

இதை இப்போதுதான் முதல்முறையாகக் கேள்விப்படுகிறவர்போல அவளைப் பார்த்தார். பிறகு தட்டில் கைகழுவிக்கொண்டு எழுந்தார்.

அடுத்த வாரம் அன்பியக் கூட்டம் அவர்கள் வீட்டில். முன்னறையில் பாய் விரித்து இருபது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். வெங்காய மண்டியில் கணக்கெழுதுபவர், பூட்டுக்கடைக்காரர், இரண்டு டீச்சர்மார், மற்றபடி பெண்கள். பங்குனி வெக்கையில் எல்லாரும் முந்தானையாலும் பாட்டுப் புத்தகத்தாலும் விசிறிக்கொண்டிருந்தார்கள். ஆனந்தமேரி அடுக்களையில் சுக்குக்காபி போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளறைக் கதவு திறந்தேதான் இருந்தது. அதை மூடினால் சிலுவைமுத்துவுக்குக் காற்று வராது.

வேதவாசகம் முடிந்து ஸ்டீபன்ராஜ் பேச ஆரம்பித்தார். கூட்டத்தில் பேசும்போது அவர் தமிழ் மாறிவிடும்.

"சிலுவையை எங்கே தேடுகிறோம் நாம்? கோவில் பீடத்திலா? அன்பர்களே, ஆண்டவர் எங்கள் குடும்பத்துக்குத் தந்த சிலுவை அந்த அறையில் படுத்திருக்கிறது. நான் அதைச் சுமக்கவில்லை. எனக்கு அந்தத் தகுதி இல்லை. என் மனைவி சுமக்கிறாள். தூக்கித் தூக்கி அவளுடைய கர்ப்பப்பையே இறங்கிவிட்டது. உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார் மருத்துவர். ஆனால் என் மனைவி என்ன சொல்கிறாள் தெரியுமா? ஆண்டவரின் பாடுகளின் காலம் முடியட்டும், உயிர்ப்புக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள்."

குரல் உடைந்து நிறுத்தினார். பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள்.

காபித் தட்டோடு அடுக்களை வாசலுக்கு வந்திருந்த ஆனந்தமேரி அப்படியே நின்றாள். இருபது பேரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். முகத்தைப் பார்த்த பார்வை கொஞ்சம் கீழே இறங்கி வயிற்றில் நின்றது. மண்டிக் கணக்கர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். செசிலியா எழுந்து ஓடிவந்து தட்டைப் பிடுங்கினாள்.

"நீங்க தூக்காதீங்கக்கா" என்றாள். தட்டில் ஆறு தம்ளர் இருந்தது.

கூட்டம் முடிந்து போகும்போது ஒவ்வொருத்தியாக அவள் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். "நீங்க உசுரோட இருக்க புனிதைக்கா" என்றாள் ஒரு டீச்சர். 'எங்கூட ஒரு நாளு வந்து அவரப் புரட்டிப் போடுறீங்களா' என்று கேட்க ஆனந்தமேரிக்கு நாக்கு நுனிவரை வந்தது. புனிதை என்று சொல்லிவிட்டுப் போகிறவளிடம் அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

மறுநாள் சிலுவைமுத்து கஞ்சி வேண்டாம் என்றார். மத்தியானச் சோற்றை இரண்டு வாயோடு நிறுத்திக்கொண்டார். இடக்கையால் கிண்ணத்தைத் தள்ளினார். வெக்கைக்கு வாய்க்கசப்பாக இருக்கும் என்று முருங்கைக்கீரை ரசம் வைத்துக் கொடுத்தாள். அதுவும் வேண்டாம். இரண்டு மூன்று நாள் இப்படிப் போனது. பெட் பேன் காய்ந்து கிடப்பதைக் கண்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"தண்ணியாச்சும் குடிங்க அத்தான்."

உதட்டை இறுக்கிக்கொண்டார். ஒரு பக்கம்தான் இறுகியது. மறுபக்கம் தொங்கியது.

"ஏன் அத்தான்? கசக்கா?"

"குடிச்சா... போகும்ல."

"போகட்டும். நான் எதுக்கு இருக்கேன்."

"அதுக்குத்தான... தாயி... வேணாங்கேன்."

ஆனந்தமேரி தம்ளரைக் கட்டில் சட்டத்தில் வைத்தாள். 'அவரு சொன்னதெல்லாம் மனசுல வைக்காதீங்க' என்று சொல்லலாம். ஆனால் சொன்னதில் பொய் எது? தூக்கித்தான் இறங்கியது.

அன்று ராத்திரி திரும்பி வந்த கஞ்சிக் கிண்ணத்தை ஸ்டீபன்ராஜ் பார்த்தார். கதவோரம் நின்று அண்ணனையும் பார்த்தார். கண் கலங்கியது. அவள் ஏதோ சொல்லப் போனாள். கையமர்த்திவிட்டுப் போய்விட்டார்.

காலையில் முன்னறையிலிருந்து அவர் குரல் கேட்டது. "என் அண்ணனால் கோவிலுக்கு வர முடியாது. சிலுவைப் பாதையில் முழந்தாளிட முடியாது. ஆனால் படுக்கையில் கிடந்தபடி, யாரும் சொல்லாமல், அவர் ஒருசந்தி இருக்கிறார். நம்மில் எத்தனை பேர் இந்தத் தவக்காலத்தில் ஒருவேளைச் சோற்றை ஆண்டவருக்காக விட்டுக்கொடுத்திருக்கிறோம்?"

உள்ளறையில் சிலுவைமுத்து கண்ணை மூடிக் கிடந்தார். கேட்கிறாரா என்று ஆனந்தமேரி பார்த்தாள். அவருடைய இடக்கை பாயைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

பத்து மணிக்கு ஓசூரிலிருந்து பிராங்கிளின் பேசினான்.

"பெரியப்பா ஒருசந்தியாமே. அப்பா வாய்ஸ் கேட்டேன். சுகர் இருக்க ஆளும்மா, பாத்துக்கங்க."

"நீ வந்து ஒரு வாரம் இருக்கியாப்பா? எனக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"ஈஸ்டருக்கே லீவு கேட்டேன், கம்பெனியில தரலம்மா. அப்பாதான் பாத்துக்கிறேன்னாரே." கொஞ்சம் தயங்கி, "உங்களப் பத்தி அப்பா பேசுனத எங்க ஆளுங்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டேம்மா" என்றான்.

வெள்ளிக்கிழமை நூர் அகமது வந்தார். சவரக்கத்தியைக் கழுவிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவர், நண்பனின் வெடித்த உதட்டைப் பார்த்துவிட்டு, கத்தியை மடக்கி வைத்தார்.

"முத்து, எங்க நோம்புலயே சீக்காளிக்கு விலக்கு இருக்கு. நீ எந்த ஊரு நோம்புடா வைக்கிற?"

சிலுவைமுத்து அவரைக் கிட்டக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். சொல்லி முடிக்க ரொம்ப நேரம் ஆனது. நூர் அகமது ஈரத்துணியால் அவர் உதட்டை ஒற்றிவிட்டு முன்னறைக்கு வந்தார். ஸ்டீபன்ராஜ் குருத்தோலை ஞாயிறுக்குப் பாட்டுத் தேர்ந்துகொண்டிருந்தார்.

"வாத்தியாரே, அவன் செத்துப்போவான்."

"இல்ல பாய். ஒருசந்தி எங்க வழக்கம். அது அவருக்கும் ஆண்டவருக்கும் உள்ளது. நாம குறுக்க நிக்கக் கூடாது."

"வாத்தியாரே..."

"நீங்க இருங்கண்ணே" என்று ஆனந்தமேரி அடுக்களையிலிருந்து வந்தாள். கையில் மாவு ஒட்டியிருந்தது. சத்தம் போடாமல் புருஷனைப் பார்த்துச் சொன்னாள். "ஒருசந்தியும் இல்ல, ஒண்ணும் இல்ல. தண்ணி குடிச்சா மூத்திரம் போகும், போனா நான் தூக்கணும்னு வாயக் கட்டிக்கிட்டுக் கிடக்காரு. நீங்க அன்னைக்கு அத்தன பேரு முன்னால சொன்னத அவரும் கேட்டுக்கிட்டுத்தான் கிடந்தாரு. உங்களுக்கு அவரு சிலுவை. அவருக்குக் காது இருக்குன்னு உங்களுக்குத் தெரியலயா?"

"மேரி, நான் உன்னப் பெருமையாத்தான..."

"எங் கர்ப்பப்பைய மண்டிக் கணக்கருகிட்ட சொல்லி என்ன பெருமை? ஈஸ்டர் முடியட்டும்னு நானா சொன்னேன்?"

ஸ்டீபன்ராஜுக்குக் கண்ணீர் வந்தது. அவர் அழுதால் எப்போதும் அவள் அடங்கிவிடுவாள். அன்றைக்கு அடங்கவில்லை. திரும்பி உள்ளறைக்குப் போனாள். ஒரு தம்ளர் தண்ணீரில் சீனியும் உப்பும் போட்டுக் கலக்கினாள்.

"அத்தான், கேளுங்க. திங்கக்கிழம நான் ஆஸ்பத்திரியில போய்ப் படுக்கப் போறேன். அதுவரைக்கும் நூரண்ணன் வந்து பாப்பாரு. உங்க தம்பியும் பாக்கட்டும். இனிமே உங்கள நான் தூக்க மாட்டேன். நெசமாத்தான் சொல்லுதேன். தூக்கவே மாட்டேன். குடிங்க."

அவர் ஒரு கண்ணால் அவளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். அந்தத் தம்ளரைக் குடித்துவிட்டு இன்னொன்றும் கேட்டார்.

திங்கட்கிழமை ஒரு கட்டைப் பையில் இரண்டு நைட்டியும் சோப்பும் எடுத்துக்கொண்டு ஆனந்தமேரி பெரியாஸ்பத்திரியில் சேர்ந்தாள். புதன்கிழமை ஆபரேஷன் முடிந்தது. துணைக்கு நூர் அகமதுவின் மகள் வந்து இருந்தாள். ஸ்டீபன்ராஜ் சாயங்காலம் வந்து தலையைத் தடவிவிட்டு, நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டுப் போனார். அண்ணனைப் பற்றிக் கேட்டதற்கு "எல்லாம் நல்லபடியா இருக்கு" என்றார்.

பெரிய சனிக்கிழமை மத்தியானம் செசிலியா ஆரஞ்சுப் பழத்தோடு வார்டுக்கு வந்தாள்.

"சாரு பாவம்க்கா. ரெண்டு நாளு தனியாப் பாத்தாரு. முடியல. வாந்தி எடுத்துட்டாராம். அதையும் மறைக்காமப் பேசினாரு, 'என் பலவீனத்தை ஆண்டவர் எனக்குக் காட்டினார்'னு. அப்புறம் ஆபரேசன் அன்னைக்கு வேன் வச்சு, சேவுகம்பட்டிக்கு அங்கிட்டு சிஸ்டருங்க நடத்துற கருணை இல்லத்துல கொண்டுபோய் விட்டுட்டாரு. உங்ககிட்ட சொல்லலயா?"

ஆனந்தமேரி ஆரஞ்சுப் பழங்களை வாங்கித் தலைமாட்டில் வைத்தாள்.

"பெரிய வியாழன் பாதங்கழுவ ஒரு ஆளு வரலன்னு சாரே போய் உக்காந்தாரு. பாதர் தண்ணி ஊத்திக் கழுவித் துடைச்சப்ப அப்பிடியே குலுங்கிக் குலுங்கி அழுதாருக்கா. கோவிலே அழுதுச்சு."

"வெந்நி வேணும். அந்த பிளாஸ்க எடுத்துக் குடு" என்றாள் ஆனந்தமேரி.

தையல் ஆறி, நடக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னபோது கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. ஸ்டீபன்ராஜ் அதற்குள் இரண்டு தரம் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். இரண்டு தரமும் மறுநாள் காலைப் பேச்சில் அது வந்தது. "உன்ன நான் கூட்டிட்டுப் போறேன். காரு சொல்லட்டா" என்று கேட்டார். வேண்டாம் என்று நூர் அகமதுவோடு வத்தலக்குண்டு பஸ்ஸில் போனாள். குழியில் பஸ் இறங்கி ஏறும்போதெல்லாம் வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டாள். கூடையில் தக்காளி ஏற்றியிருந்த பெண்ணொருத்தி தன் இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டு வந்தாள்.

வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஓட்டுக் கட்டிடம். நீண்ட அறையில் வரிசையாகக் கட்டில்கள். பினாயில் வாடை. சிலுவைமுத்து ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். சுத்தமாகச் சவரம் செய்திருந்தது. கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருந்தது. அவர்கள் போன நேரத்தில் சங்கிலி என்கிற பணியாள் அவரைப் புரட்டிக்கொண்டிருந்தான். சேவுகம்பட்டிக்காரன். இன்னொருவனும் அவனுமாக விரிப்பைப் பிடித்து ஒரே தூக்கு. துணியை உருவி வாளியில் போட்டான். துடைத்தான். பவுடர் தட்டினான். அதற்கிடையே அடுத்தவனிடம் நிலக்கோட்டைச் சந்தையில் ஆட்டு விலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். முடித்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கட்டிலுக்குப் போய்விட்டான்.

நூர் அகமது கொஞ்ச நேரம் பேசிவிட்டுத் தொழ இடம் தேடி வெளியே போனார். மத்தியானச் சோறு வந்தது. சாம்பார், கோஸ். ஆனந்தமேரி கரண்டியை எடுக்கப் போனாள். சிலுவைமுத்து இடக்கையால் தானே வாங்கிக்கொண்டார். சிந்தச் சிந்தச் சாப்பிட்டார். தண்ணீரும் நிறையக் குடித்தார்.

"இங்க பரவால்லயா அத்தான்?"

"ம்."

"மூணு மாசந்தான். அப்புறம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருதேன்."

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்று ஆட்டினார்.

"கோவமா எங்க மேல?"

"இல்ல தாயி." மூச்சு வாங்கிக்கொண்டு, துண்டு துண்டாகச் சொன்னார். "இங்க... கழுவி விடுதான். போயிருதான். ஒண்ணும்... சொல்ல மாட்டான்."

நல்ல பக்கத்து வாய் கொஞ்சம் சிரித்தது. பிறகு அந்தச் சிரிப்பும் போய்விட்டது.

"நீ இனிமே... வராத."

"ஏன் அத்தான்?"

"வந்தா... தம்பி... சொல்லுவான்ல."

அவள் அவருடைய கையைப் பிடித்தாள். இத்தனை வருஷம் அவரைக் கழுவியிருக்கிறாள், புரட்டியிருக்கிறாள். சும்மா கையைப் பிடித்ததில்லை. சுண்ணாம்பு தின்று ரேகை அழிந்துபோன உள்ளங்கை. சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. அதைத் துடைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். நூர் அகமது வந்து "பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா" என்கிறவரை பிடித்துக்கொண்டிருந்தாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வரும்போது விளக்குப் போட்டிருந்தார்கள். ஸ்டீபன்ராஜ் குக்கரில் சோறு வைத்து, அப்பளம் பொரித்து, மோர் கலக்கி வைத்திருந்தார். அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். தட்டை எடுத்து வைத்தார். உண்மையான பிரியத்தோடுதான் செய்தார்.

"அண்ணன் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

"உன்னப் பாத்ததும் அழுதாரா?"

"இல்ல."

"எதுவுமே பேசலையா மேரி? ஒரு வார்த்த?"

"சாப்பிட்டாரு" என்றாள் அவள். "சோறு அம்புட்டையும் சாப்பிட்டாரு."

அவர் இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தார். அவள் அப்பளத்தை நொறுக்கிப் போட்டு மோர்ச்சோற்றைப் பிசைந்தாள். பசித்திருந்தது. கேட்டு வாங்கி இன்னொருதரம் சாப்பிட்டாள்.